ஒரே ஹார்மோன் கல்லீரலில் ஒரு வேலையையும் வெள்ளணுவில் வேறொரு வேலையையும் செய்வது எப்படி? இதில் படியெடுத்தல் காரணிகளின் பங்கு என்ன?

இக்கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டாவதற்கு விடை தெரிந்தால் முதலாவது தானே விளங்கிவிடும். படியெடுத்தல் காரணி என்பது, ஒரு மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. நகல் எடுப்பதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் புரதம்.

கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன் என்றாலும், இதை எனக்குச் சரியாக உறைக்கவைத்தவர் என் அப்பாதான். ஒருமுறை அவருக்கு இளைப்பு அதிகமாகி, மருத்துவர் பிரெட்னிசலோன் மாத்திரையை ஐந்து நாட்களுக்கு எழுதிக்கொடுத்தார். இரண்டாம் நாளே மூச்சு சீரானது. ஆனால் காலையில் வெறும் வயிற்றில் வழக்கம்போல் இருந்த சர்க்கரை, அன்று மாலை 280ஐத் தொட்டிருந்தது. "நெஞ்சுக்கு நல்லது செய்கிற மாத்திரைக்குச் சர்க்கரையிடம் என்ன வேலை?" என்று கேட்டார்.

பிரெட்னிசலோன், நம் அட்ரீனல் சுரப்பி சுரக்கும் கார்டிசாலின் செயற்கை உறவினர். கொழுப்பில் கரையக்கூடியது என்பதால் செல்லின் சவ்வைக் கடந்து நேரே உள்ளே போய்விடுகிறது. உள்ளே அதற்காகக் காத்திருக்கும் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியே படியெடுத்தல் காரணியாகவும் இருக்கிறது. அதாவது ஹார்மோனைப் பிடிக்கும் புரதமும் டி.என்.ஏ.வில் போய் அமரும் புரதமும் ஒன்றே. ஹார்மோன் வரும்வரை, மற்றப் புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் அதைச் சைட்டோபிளாசத்தில் அணைத்து வைத்திருக்கின்றன. ஹார்மோன் பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் மாறி, அது உட்கருவுக்குள் நுழைகிறது. அங்கே டி.என்.ஏ. எழுத்துகளில் ஏஜிஏஏசிஏ, இடையில் ஏதேனும் மூன்று எழுத்துகள், பிறகு டிஜிடிடிசிடி என்று அமைந்த பதினைந்து எழுத்து இடங்களை, துத்தநாக அணுவைப் பிடித்து விரல்போல் மடிந்திருக்கும் தன் பகுதிகளான துத்தநாக விரல்களால் தடவிக் கண்டுபிடித்து, இரண்டிரண்டாக அமர்கிறது. மனித ஏற்பியின் மரபணு வரிசையை ரொனால்ட் எவன்ஸ் குழுவினர் 1985இல் வெளியிட்ட பிறகுதான் இவ்வளவு நுணுக்கமாகப் பேச முடிந்தது.

கல்லீரலில் அப்படி அமரும் இடங்களுள் ஒன்று, சுருக்கமாகப் பெப்சிகே எனப்படும் நொதியின் மரபணுவுக்கு முன்புறம் உள்ளது. புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கும் பாதையில் முக்கியமான நொதி அது. அந்த முன்புறத்தைச் சற்று உற்றுப் பார்ப்பது நல்லது, ஏனெனில் அங்கே மூன்று ஹார்மோன்கள் ஒரே நேரத்தில் பேரம் பேசுகின்றன. சர்க்கரையை உயர்த்தும் ஹார்மோனான, செல்லுக்குள் நுழைய இயலாத குளுக்ககான், வெளிச்சவ்விலேயே நின்று செய்தி அனுப்பி, கிரெப் என்ற காரணியில் ஒரு பாஸ்பேட்டை ஏற்றி முடுக்குகிறது. இன்சுலினோ, அதே மரபணுவை முடுக்கும் ஃபாக்ஸோ1 என்ற காரணியில் பாஸ்பேட் ஏற்றி, அதை உட்கருவை விட்டே வெளியேற்றுகிறது. கார்டிசால் தன் ஏற்பியோடு நேரிலேயே வந்து அமர்கிறது. அந்த மரபணு எவ்வளவு படியெடுக்கப்பட வேண்டும் என்பது இவற்றின் கூட்டுத்தொகைதான். அப்பாவுக்கு அன்று அதிகமான அழுத்தம் கார்டிசால் பக்கமே இருந்தது. தசையும் கொழுப்புத் திசுவும் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதும் அப்போது குறைந்துவிடுகிறது என்பதால், பழியைக் கல்லீரல் மீது மட்டும் போட முடியாது.

வெள்ளணுவில் நடப்பது வேறு. அழற்சியைத் தூண்டும் என்.எஃப்-கப்பா-பி என்ற படியெடுத்தல் காரணியை அதே ஏற்பி பற்றிக்கொண்டு, இன்டர்லியூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்களின் மரபணுக்களை அடக்குகிறது. இங்கே அது சொந்தமாக டி.என்.ஏ.வில் அமர வேண்டிய கட்டாயமில்லை. ஆகவே அடக்கும் வேலையை மட்டும் தூண்டும் மருந்து கிடைத்தால் சர்க்கரை ஏறாது என்று பலர் நம்பினர். 1998இல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் ஆய்வாளர்கள், ஏற்பிகள் இரண்டிரண்டாக டி.என்.ஏ.வில் அமர இயலாதபடி, அவை இரண்டாகச் சேரும் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிய எலிகளை உருவாக்கினர். ஏற்பியே இல்லாத எலிக்குட்டிகள் பிறந்த சில மணி நேரத்தில் இறந்துவிட, இவை பிழைத்து வளர்ந்தன. நம்பிக்கை வலுத்தது. ஆனால் பின்னர் அதே எலிகள் கடும் அழற்சி அதிர்ச்சியைத் தாங்க இயலாமல் தடுமாறின. அழற்சியைத் தணிக்கும் சில மரபணுக்களை முடுக்கவும் ஏற்பிகள் இரண்டிரண்டாக அமர வேண்டியிருந்தது. நல்லதையும் கெட்டதையும் கத்தரித்துப் பிரிக்கலாம் என்பது, என் கருத்தில், பாடப்புத்தகப் படங்கள் தந்த ஆசை.

செல்லுக்குச் செல் விளைவு மாறுவதற்கு மூலகாரணம் டி.என்.ஏ. சுற்றி வைக்கப்பட்டிருக்கும் விதமே. அந்தப் பதினைந்து எழுத்து வரிசை நம் மரபணுத் தொகுதியில் எண்ணற்ற இடங்களில் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி இறுக மூடியிருக்கும். கல்லீரல் செல் உருவாகும்போதே வேறு காரணிகள் அதற்குரிய பகுதிகளைத் திறந்து வைத்துவிடுகின்றன. வெள்ளணுவில் திறந்திருப்பவை வேறு. ஏற்பி பெரும்பாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் இடத்தில்தான் அமர்கிறது. மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டாமாக்சிஃபன் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்து, கருப்பையில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்வதும் இதற்கு நெருங்கிய கதைதான். அங்கே ஏற்பியோடு வந்து சேரும் துணைப் புரதங்களின் அளவு மாறுபடுகிறது.

ஏற்பி அமர்ந்த பிறகும் ஆர்.என்.ஏ. படியெடுக்கப்பட வேண்டும், அதிலிருந்து புரதம் உருவாக வேண்டும், அது போதிய அளவு சேர வேண்டும். அதனால்தான் காலை எட்டு மணிக்கு உட்கொண்ட மாத்திரையின் கணக்கு மதியத்திற்கு மேல் தெரியவருகிறது, மறுநாள் விடியற்காலைக்குள் தணிந்தும் விடுகிறது. வெறும் வயிற்றில் மட்டும் பார்த்திருந்தால் எங்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. மருத்துவரிடம் சொன்னபோது, மீதமிருந்த நாட்களில் மதிய உணவுக்குப் பின்னும் மாலையிலும் பார்க்கச் சொன்னார். மாத்திரை முடிந்த மூன்றாம் நாள் மாலையில் 150க்குக் கீழே வந்திருந்தது.