கிறிஸ்தவத்தில் மன்னிப்புக்கு எல்லை உண்டா?

கெடுதல் செய்தவன்மேல் வஞ்சம் வைக்காமல், பழிவாங்குவதைக் கைவிடுவதுதான் மன்னிப்பு. எத்தனை தடவை மன்னிப்பது என்று சீடர் பேதுரு கேட்டதற்கு இயேசு ‘ஏழெழுபதுதரம்’, அதாவது எழுபது ஏழு தடவை, என்றார் (மத்தேயு 18:22). ஆக, எண்ணிக்கையில் எல்லை இல்லை. ஆனால் லூக்கா 17:3-இல் ‘அவனைக் கடிந்துகொள்’ என்பதுதான் முதலில் வருகிறது. நம்மூர்ப் பிரசங்கங்களில் இந்தப் பாதி கொஞ்சம் சத்தம் குறைவாகத்தான் கேட்கும்! வஞ்சம் மன்னிப்பவர் மனசைக் கெடுக்கும். கண்டிக்காமல் விட்டால் தப்பு செய்தவன் திருந்த மாட்டான். இயேசுவைச் சந்தித்து மனம் திருந்திய வரி வசூல்காரன் சகேயுகூட அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான்.

தாமிரபரணி வாய்க்காலில் பக்கத்து வயல்காரர் ராத்திரியோடு ராத்திரியாக நம்ம மடையை அடைத்துத் தண்ணீரைத் திருப்பிவிடுகிறார். மன்னித்தாச்சு. அதற்காக மடையை அப்படியேவா விடுவோம்? மண்ணை வெட்டித் திறந்துவிட்டு, அடுத்த முறைக்குக் காவலுக்கு ஆள் போடுவோம். இரக்கமும் அப்படித்தான்: குடிகாரப் புருஷனுக்காக ஜெபிக்கலாம், அடிக்கு முதுகைக் காட்ட வேண்டியதில்லை.

‘மறு கன்னத்தைக் காட்டு’ என்பதை அடிவாங்கிக்கொண்டே இருக்கச் சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். அது ‘கண்ணுக்குக் கண்’ என்ற பழிவாங்கலுக்குச் சொன்ன மறுப்பு, போலீசில் புகார் கொடுக்க அது தடையில்லை.