நீலக்கால் என்று வாங்கினேன், கால் சிவப்பாக இருக்கிறதே?

கேள்வி: பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று சொன்னதால், நீலக்கால் துறவி நண்டு ஆறு வாங்கி என் கடல்நீர்த் தொட்டியில் விட்டேன். இரண்டு மாதத்தில் ஒன்று மட்டும் மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. கால்கள் சிவப்பு, உடம்பெல்லாம் முடி. மூன்று நத்தை ஓடுகள் காலியாகக் கிடக்கின்றன. இது என்ன நண்டு? கடையில் மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: முதலில் அது சுமக்கும் சங்கை மறந்துவிடுங்கள். பலர் சங்கின் நிறத்தையும் வடிவத்தையும் வைத்தே நண்டின் பெயரைத் தேடுகிறார்கள். அது இரவல் வீடு. நாளைக்கே வேறொன்றுக்குக் குடிபோய்விடும். பார்க்க வேண்டியது கொடுக்கு, கால், கண்காம்பு மூன்றையும்தான். நீல விளக்கை அணைத்து வெள்ளை வெளிச்சத்தில், அது கண்ணாடியோரம் வரும்போது படம் எடுங்கள். நீல விளக்கில் எடுத்த படத்தில் நிறத்தை நம்பவே முடியாது.

நீங்கள் கேட்டு வாங்கியது பெரும்பாலும் கிளிபனேரியஸ் டிரைகலர். கரீபியக் கடல் பக்கத்துச் சிறு நண்டு. கால் நீலம், மூட்டுகளில் ஆரஞ்சு வளையம், இரண்டு கொடுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. இடக் கொடுக்கு மட்டும் பெருத்து வழவழப்பாக இருந்தால் கால்சினஸ் இனமாக இருக்கலாம், அவையும் சிறியவைதான். கால் சிவந்து, கண்காம்பு மஞ்சளாக இருந்தால் பகுரிஸ்டெஸ் கடெனாட்டி. சாதுவானது, பவளத் தொட்டிக்காரர்கள் விரும்பி வாங்குவது. ஆனால் அது சிறிதாகவே இருந்துவிடும்.

சிவப்பு, முடி, வேகமான வளர்ச்சி மூன்றும் சேர்ந்திருப்பதால் எனக்கு டார்டானஸ் இனத்தின் மேல்தான் சந்தேகம். அதிலும் டார்டானஸ் மெகிஸ்டோஸ் என்றால் சிவப்பு உடம்பில் கறுப்பு விளிம்பிட்ட வெள்ளைப் புள்ளிகள் தெரியும். இடக் கொடுக்கு பெரிதாக இருக்கும். இது உள்ளங்கை அளவுக்கும் மேல் வளரும். நத்தை, சிறு நண்டு, தூங்கும் மீன் என்று கைக்கு எட்டியதைத் தின்னும், பவளத்தைக் கவிழ்த்துப்போடும். குட்டியாக இருக்கும்போது கவனிக்காமல் மற்றவற்றோடு கலந்துவிடுவது எளிது.

ஆனால் காலி ஓடுகளை மட்டும் வைத்து இதன்மேல் பழி போட்டுவிடாதீர்கள். நீலக்கால் நண்டுகூட சங்குக்காக நத்தையைக் கொல்லும். தானாகச் செத்த நத்தையையும் நண்டுகள் தின்று தீர்க்கும். அதனால் சந்தேக நண்டைத் துளைகள் உள்ள ஒரு பெட்டியில் போட்டுத் தொட்டிக்குள்ளேயே பிரித்து வையுங்கள். ஒன்றிரண்டு வாரம் நத்தைகளுக்கு ஒன்றும் ஆகாவிட்டால் ஓரளவு விடை கிடைத்துவிடும். மற்ற நண்டுகளுக்குப் பல அளவுகளில் வெறும் சங்குகள் போட்டு வைப்பதும் அவசியம். இடையில் பெட்டிக்குள் செத்த நண்டு போல ஒன்று கிடந்தால் பதறாதீர்கள், அது உரித்த சட்டையாக இருக்கலாம். உள்ளே ஒன்றுமில்லாமல் வெறும் கூடாக இருந்தால் சட்டை, நாற்றம் வந்தால் செத்த நண்டு.

கடை விஷயம்: தாராளமாகக் கேளுங்கள். ரசீதில் எழுதிய பெயர், உங்கள் படம், இரண்டையும் காட்டி, "சொன்ன இனம் இதுவல்ல" என்று நிதானமாகச் சொல்லுங்கள். இரண்டு மாதம் ஆனதால் பணம் திரும்பக் கிடைப்பது கடினம். ஆனால் டார்டானஸுக்கு, மீன் மட்டுமே வைத்திருக்கும் பெரிய தொட்டிக்காரர்களிடம் விருப்பம் உண்டு. மாற்றாக வேறு உயிர் தரக் கடைக்காரர் சம்மதிக்கலாம். அடுத்த முறை அறிவியல் பெயரை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள், நண்டு வெளியே வந்து நடப்பதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஓட்டுக்குள் ஒடுங்கியிருந்தால் எல்லா நண்டும் ஒன்றுபோலத்தான்.

கடை மறுத்துவிட்டால் தனித் தொட்டியில் வளருங்கள். அழகான பிராணி, பல ஆண்டு வாழும். கடலில் மட்டும் கொண்டுபோய் விடாதீர்கள். எந்தக் கடலிலிருந்து வந்தது, என்ன நோயோடு வந்தது என்று நமக்குத் தெரியாது.