கேட்டதும் சொன்னதும்: ஜெனரல் சோ சிக்கன் சீனாவில் கிடைக்குமா?

ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி: நியூஜெர்சியில் மகன் வீட்டில் இருந்தபோது அங்குள்ள சீனக் கடையிலிருந்து அடிக்கடி ஜெனரல் சோ சிக்கன் வாங்கி வருவான், மொறுமொறுவென்று பொரித்து இனிப்பும் காரமுமான சாஸில் புரட்டிய கோழி. எனக்கும் பிடித்துப்போயிற்று. அவனுடன் வேலை பார்க்கும் சீனப் பெண் ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், "இது எங்க ஊர்லயே கிடையாதே ஆன்ட்டி" என்று சிரித்துவிட்டார். அப்படியானால் நான் சாப்பிட்டது என்ன?

அந்தப் பெண் சொன்னது சரிதான், ஆனால் பாதிக் கதைதான். ஜெனரல் சோ என்று ஒருவர் நிஜமாகவே இருந்தார். சோ சொங்தாங், ஹூனான் மாகாணத்துக்காரர், சிங் வம்சத்தின் படைத்தளபதி. 1885-இல் காலமாகிவிட்டார், அதனால் இந்தச் சிக்கனை அவர் வாயில் வைத்திருக்க வழியே இல்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற மாதிரி பெயர் மட்டும்தான் அவருடையது. இதை உருவாக்கியவர் பெங் சாங்-குவெய் என்ற ஹூனான் சமையல்காரர். 1949-இல் கம்யூனிஸ்ட்டுகள் ஆட்சியைப் பிடித்ததும் தைவானுக்குப் போனவர், 1950-களில் அங்கே விருந்துகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தபோது இதைச் செய்தார். அதில் புளிப்பு, உப்பு, காரம், பூண்டு எல்லாம் தூக்கலாக இருந்தன, இனிப்பு மட்டும் கிடையாது. தைவானில் அதைச் சாப்பிட்டுப் பார்த்த வேறு சீனச் சமையல்காரர்கள் நியூயார்க்குக்கு வந்து, கார்ன்ஃப்ளாரில் புரட்டி மொறுமொறுவென்று பொரித்து, சர்க்கரையும் சேர்த்து விற்க ஆரம்பித்தார்கள். 1970-களில் பெங்கே நியூயார்க்கில் கடை போட்டார், அதற்குள் இனிப்புச் சிக்கன்தான் ஊரைப் பிடித்திருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு அவர் ஹூனானின் தலைநகரான சாங்ஷாவில் உணவகம் திறந்தபோது அதுவும் நிலைக்கவில்லை. ஜெனரலின் சொந்த மாகாணத்திலேயே ஜெனரல் சிக்கன் போணியாகவில்லை!

ஆக, நீங்கள் சாப்பிட்டது ஹூனான்காரர் ஒருவர் தைவானில் செய்து, வேறு சீனர்கள் நியூயார்க்கில் மாற்றியது. அதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது நியூயார்க் பலகாரம், அவ்வளவுதான்.

வணிகர், கோவை: காசுக்காகத் தங்கள் சமையலையே சர்க்கரையில் முக்கி விற்றிருக்கிறார்கள். நீங்கள் அதற்கு வக்காலத்து வாங்குகிறீர்களே?

காசுக்காகத்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தக் காசு அவர்களுக்கு ஏன் சமையலறையிலிருந்து வரவேண்டியிருந்தது என்று பாருங்கள். கலிஃபோர்னியாவில் தங்கம் தோண்டவும் ரயில் பாதை போடவும் வந்த சீனர்களில் பெரும்பாலோர் குவாங்டொங் மாகாணத்துக்காரர்கள், அதிலும் தாய்ஷான் பக்கத்தவர்கள் அதிகம். 1882-இல் சீனத் தொழிலாளர்கள் இனி நாட்டுக்குள் வரக்கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது. 1943 வரை அது நீங்கவில்லை. வணிகர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1915-இல் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உணவக முதலாளிகளில் சில வகையினரையும் வணிகராகக் கணக்கில் எடுக்கலாம் என்றது. உடனே என்ன நடந்திருக்கும்? சொந்தக்காரர்கள் பணத்தைத் திரட்டிக் கொஞ்சம் பெரிய கடையாகத் தொடங்குவார்கள். ஒரு பங்காளி ஓராண்டு, ஒன்றரை ஆண்டு நிர்வாகியாக இருந்து வணிகர் என்ற தகுதியை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்க் குடும்பத்தை அழைத்து வருவார், அப்புறம் அடுத்த பங்காளியின் முறை. மனைவி மக்களைக் கூட்டிவர அவர்களுக்குக் கிடைத்த சில வழிகளில் ஒன்று ஹோட்டல் வைப்பது.

கடைக்கு வருகிறவரோ வெள்ளைக்காரர், எலும்பு வேண்டாம், மீனின் தலை தட்டில் தெரியக்கூடாது என்பவர். கோழி ஈரலும் இரைப்பையும் போட்டு ஊரில் கிண்டுகிற சாப்ஸூயியை அவர் முன் வைத்தால் எழுந்து போய்விடுவார். அதனால் சாப்ஸூயில் ஈரல் போய் முளைப்பயறும் செலரியும் வந்தன. ஊரில் போடுகிற கைலான் கீரை கைக்கு எட்டாத இடத்தில், இத்தாலியர்கள் அங்கே கொண்டுவந்த ப்ராக்கோலி மாட்டிறைச்சியோடு சேர்ந்துகொண்டது. சமைத்த கை சீனக் கைதான், வாணலியும் அதேதான், வெட்டி வதக்கும் முறையும் அதேதான். இதில் துரோகம் எங்கே இருக்கிறது? சோம்பேறித்தனமாகச் செய்தால் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். பெட்டிக்கு அடியில் சிவப்புச் சாறு குளமாகத் தேங்கி, மேலே மாவுத்தோல் ஊறித் தொங்கினால் அது மட்டமான ஜெனரல் சோ. தொடைக்கறியில் செய்து, வற்றல் மிளகாயை எண்ணெயில் கறுக்க விட்டு, சாஸ் துண்டின் மேல் பளபளவென்று ஒட்டியிருந்தால் அது நல்ல ஜெனரல் சோ. வாங்கியதும் பெட்டியைத் திறந்து வையுங்கள், ஆவி உள்ளேயே நின்றால் பத்தே நிமிடத்தில் மொறுமொறுப்பு போய்விடும்.

கல்லூரி மாணவர், சென்னை: நம் ஹோட்டல்களில் 'அமெரிக்கன் சாப்ஸி' என்று ஒன்று இருக்கிறதே, அது அமெரிக்காவில் உண்டா?

பெயர் உண்டு, பண்டம் வேறு. பாஸ்டன் பக்கம் அமெரிக்கன் சாப்ஸூயி கேட்டால் மக்ரோனியும் கொத்துக்கறியும் தக்காளியும் சேர்த்துச் செய்த ஒன்று வரும். பொரித்த நூடுல்ஸ் மேல் இனிப்பும் புளிப்புமான சிவப்புக் குழம்பை ஊற்றி, உச்சியில் ஒரு முட்டையைப் பொரித்து வைப்பது நம் நாட்டுச் சீனக் கடைகளின் வேலை. கோபி மஞ்சூரியனைக் கொண்டாடுகிற நாம் அமெரிக்கச் சீன உணவைப் பார்த்து மூக்கைச் சுளிக்க முடியாது என்பது என் கட்சி.

இல்லத்தரசி, சேலம்: சாப்பாடு முடிந்ததும் சீட்டு வைத்து ஒரு பிஸ்கட் தருகிறார்களே, அதாவது சீனாவிலிருந்து வந்ததா?

அதுவும் இல்லை, ஜப்பான். கியோட்டோவில் இதே மடிப்பில், கொஞ்சம் பெரிதாக, சீட்டு செருகிய பிஸ்கட் உண்டு. கலிஃபோர்னியாவில் இதைச் செய்துகொண்டிருந்த ஜப்பானியர்களை, ஜப்பானோடு போர் நடந்த 1942-இல் அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்துவிட்டது. தொழில் சீனர்கள் கைக்குப் போயிற்று.

சைவக் குடும்பம், கும்பகோணம்: அசல் சீன உணவகத்துக்குப் போனால் நாங்கள் என்ன சாப்பிடுவது?

உண்மையைச் சொன்னால் அசலில்தான் உங்களுக்குச் சிக்கல் அதிகம். மாபோ டோஃபு என்று பார்த்து, டோஃபு சோயா பன்னீர்தானே என்று ஆசையாகக் கேட்பீர்கள், அதில் கொத்துக்கறி இருக்கும். வெறும் கீரை வதக்கலில்கூடச் சிப்பி சாஸோ கோழிச்சாறோ இருக்கலாம். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் போதாது, சிப்பி சாஸ், மீன், கோழிச்சாறு, முட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டாம் என்று கேளுங்கள். பெரிய ஊர்களில் பௌத்த சைவ உணவகங்கள் இருக்கின்றன. அங்கே பூண்டு, வெங்காயம்கூடப் பெரும்பாலும் போட மாட்டார்கள், உங்களுக்கு நிம்மதி.

வாசகர், மதுரை: மகளைப் பார்க்க லாஸ் ஏஞ்சலீஸ் போகிறேன். சீனர்கள் சாப்பிடுகிற சாப்பாட்டை எங்கே தேடுவது?

தேடவே வேண்டாம். ஊருக்குக் கிழக்கே மான்ட்டரி பார்க், அல்ஹாம்ப்ரா, சான் கேப்ரியல் என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருங்கள், பலகை முழுக்கச் சீன எழுத்தாக இருக்கும். 1965-இல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு தைவான், ஹாங்காங், அப்புறம் சீனாவின் பல மாகாணங்களிலிருந்தும் வந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். வெறும் 'சைனீஸ்' என்று போட்ட கடையை விட, மாகாணத்தின் பெயரைப் போட்ட கடை மேல். பக்கத்து மேசையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கூச்சப்படாமல் பார்த்து, அதையே விரலால் காட்டிக் கேளுங்கள்.

சிச்சுவான் கடையாக இருந்தால் மாபோ டோஃபு வாங்குங்கள். நாக்கு மரத்துப்போக வேண்டும். அந்த மரமரப்பைத் தருகிற சிச்சுவான் மிளகு எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. ஆரஞ்சுத் தோட்டங்களில் கேன்கர் என்ற செடி நோயைப் பரப்பிவிடும் என்ற பயத்தில் 1968-இலிருந்து 2005 வரை அதன் இறக்குமதிக்கு அமெரிக்காவில் தடை இருந்தது. கள்ளத்தனமாகக் கிடைத்ததை வைத்துச் சிலர் சமாளித்தார்கள், மற்றவர்கள் அது இல்லாமலே சமைத்து சிச்சுவான் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் அதை மன்னிக்கலாம். இன்றைக்கு மிளகு தாராளமாகக் கிடைக்கும்போது, 'அசல் சிச்சுவான்' என்று பலகை மாட்டிவிட்டு மரக்காத மாபோவைக் கொடுத்தால், தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.