வெட்டுக்காயப் பூண்டு ரத்தத்தை நிறுத்துவது எப்படி?

புல்வெளியிலும் வரப்பிலும் நீண்ட காம்பின் நுனியில் சிறு பூவோடு நிற்கும் செடிதான் வெட்டுக்காயப் பூண்டு. சிறுவர்கள் தலையைச் சுண்டி விளையாடும் அதே தாத்தா பூ. அரிவாள் பட்டால் இதன் இலையைக் கசக்கிச் சாற்றைப் பிழிவது கிராமத்து வழக்கம். பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா என்பதுதான் வேடிக்கை. நம் பாட்டிமார் தத்தெடுத்துப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

இலையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. அது புரதங்களோடு சேர்ந்து அவற்றை இறுகச் செய்யும். பச்சை வாழைக்காயைக் கடித்தால் நாக்கு சுருங்கிப் பிடிக்கிறதே, அதுபோலக் காயத்தின் மேற்பரப்பும் இறுகிக் கசிவு குறைகிறது. இலையை வைத்து விரலால் அழுத்துகிறோமே, அந்த அழுத்தத்துக்கும் பெருமையில் பங்குண்டு.

ரத்தம் நின்றுவிட்டால் டெட்டனஸ் தடுப்பூசி தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் டெட்டனஸ் கிருமி மண்ணில் வாழ்வது, கழுவாத இலையோடு அதுவும் காயத்துக்குள் நுழையலாம்.