லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? கேம் ஆட வாங்குறவங்களுக்கு

கேள்வி (நாகர்கோவில்): அண்ணே, கடையில ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப் காட்டுறாங்க. கூட்டுக்காரன் வீட்டு டெஸ்க்டாப்பிலயும் அதே 4070தான். ரெண்டும் ஒரே வேகம்தானே?

பதில்: இல்ல மக்கா. பேருதான் ஒண்ணு. டெஸ்க்டாப் 4070ல 12 ஜிபி மெமரி, 5,888 கோர் (கணக்குப் போடுற சின்னச் சின்ன யூனிட்), 200 வாட். லேப்டாப் 4070ல 8 ஜிபி, 4,608 கோர். கார்டுக்கு எவ்வளவு வாட் குடுக்கணும்ங்கிறதையும் லேப்டாப் செய்யிற கம்பெனியே முடிவு பண்ணும். 35லிருந்து 115 வரைக்கும் எதுவா வேணும்னாலும் இருக்கலாம். அதனால ஒரே ஸ்டிக்கர் ஒட்டின ரெண்டு லேப்டாப்புல ஒண்ணு ஓடும், இன்னொண்ணு நடக்கும். கடையில "டிஜிபி எத்தனை வாட்?"னு கேளு; கார்டுக்குக் குடுக்குற அந்த வாட்டுக்குத்தான் டிஜிபின்னு பேரு. அவங்களுக்குத் தெரியலன்னா மாடல் நம்பரைக் குறிச்சிட்டு வந்து, கம்பெனி சைட்டில பாத்துட்டு முடிவு பண்ணு. அவசரப்பட்டு முன்பணம் குடுக்காத.

4060ல இந்த வித்தியாசம் குறைவு. ரெண்டுலயும் 8 ஜிபி, 3,072 கோர்தான். முழு 115 வாட் குடுத்த 4060 லேப்டாப், டெஸ்க்டாப்புக்குப் பக்கத்துல வந்துரும்.

கேள்வி (தக்கலை): தம்பி, எனக்க மொவன் கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல சேரப் போறான். டெஸ்க்டாப்புதான் வேணும்னு நிக்கான்.

பதில்: லேப்டாப் வாங்கிக் குடுங்கக்கா. ஒவ்வொரு லீவுக்கும் பஸ்ஸுல மானிட்டரைத் தூக்கிட்டு வர முடியாது. ஆனா கேம் ஆடும்போது சார்ஜர் செருகியே இருக்கணும்னு அவன்கிட்ட சொல்லுங்க. பேட்டரியில ஓடினா வேகம் பாதியா விழும்.

கேள்வி (குளச்சல்): வீடு கடற்கரையை ஒட்டி இருக்கு. உப்புக்காத்துக்கு எது தாங்கும்?

பதில்: டெஸ்க்டாப்னுதான் நான் அடிச்சுச் சொல்லுவேன். உப்பு ரெண்டையும் அரிக்கும். ஆனா டெஸ்க்டாப்புல கெட்டுப்போன ஃபேனை, பவர் சப்ளையைத் தனியா கழட்டி மாத்திரலாம். லேப்டாப்புல பிராசசரும் கிராபிக்ஸும் போர்டோட சேத்துப் பத்தவச்சிருக்கும். ஒண்ணு போனா போர்டையே மாத்தச் சொல்லுவாங்க. கடலைப் பாத்த ஜன்னல் பக்கம் வைக்காதீங்க, ஆனி ஆடிக் காத்துல முக்கியமா. மாசக்கணக்கா அணைச்சே போடாதீங்க; ஓடுற சூட்டுல உள்ள ஈரம் தங்காது.

கேள்வி (மார்த்தாண்டம்): மழைன்னா இங்க கரண்ட் போய்ப் போய் வரும். அப்போ டெஸ்க்டாப் சரிப்படுமா?

பதில்: யுபிஎஸ் போட்டா சரிப்படும். 1000 விஏன்னு எழுதின யுபிஎஸ் பெரும்பாலும் 600 வாட்தான் தாங்கும், அந்தக் கணக்கைப் பாத்து எடுங்க. சேவ் பண்ணிட்டு அணைக்க நேரம் கிடைக்கும், அது போதும். வீட்டு இன்வெர்ட்டர்ல ஓட்டுறதா இருந்தா, பின்னாடி யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா கரண்ட் மாறுற நொடியில சிஸ்டம் அணைஞ்சிரும். சித்திரையிலயும் ஐப்பசியிலயும் இடி கேட்டா பிளக்கோட நெட் வயரையும் உருவிருங்க. பிளக்கை மட்டும் உருவிட்டு நெட் வயரை மறந்துபோறவங்க நிறையப் பேர்.

கேள்வி (கருங்கல்): வாலரண்ட் கேம் ஓடினா போதும். பழைய டெஸ்க்டாப் ஒண்ணு விலைக்கு வருது, எடுக்கவா?

பதில்: விண்டோஸ் 11ல வாலரண்டுக்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புக்கான சிப்), செக்யூர் பூட் (ஆன் ஆகும்போது கள்ள சாஃப்ட்வேரைத் தடுக்குற அமைப்பு) ரெண்டும் வேணும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சிட்டு. அதனால விண்டோஸ் 11 ஏத்துக்கிற மிஷினாப் பாரு; இன்டெல் பிராசசர்னா எட்டாம் தலைமுறைக்குக் கீழ எடுக்காத. விக்கிறவர் வீட்டுலயே போட்டு, ஒரு மேட்ச் ஆடிப் பாத்துட்டுக் காசு குடு.