நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு என்றால் என்ன?

சிறுநீரகம் தன் திறனை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக இழப்பதுதான் இது. இழந்தது பெரும்பாலும் திரும்புவதில்லை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு. கட்டுப்படாத சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அவற்றைச் சிதைக்கின்றன. தேநீர் வடிகட்டியை நினைத்துப் பாருங்கள்: வலை கிழிந்த இடத்தில் தூள் இறங்கிவிடும், அடைத்த இடத்தில் தேநீரே இறங்காது. இங்கும் புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது, கழிவு இரத்தத்தில் தங்குகிறது. அதுவும் வலியே இல்லாமல். அதுதான் இதன் வஞ்சகம்.

தொடக்கத்தில் மாத்திரைகளும் உப்புக் குறைப்பும் சேதத்தை மெதுவாக்கும். முற்றினால் இரத்தத்தில் உள்ள கழிவைச் செயற்கையாக அகற்றும் டயாலிசிஸ் (இயந்திரத்தில் என்றால் வழக்கமாக வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம்) அல்லது சிறுநீரக மாற்று அறுவை.

“சிறுநீர் நன்றாகத்தானே போகிறது” என்று பலர் ஆறுதல் கொள்கிறார்கள். நீர் வெளியேறினாலும் கழிவு உள்ளேயே தங்கியிருக்கலாம், அதைக் காட்டிக்கொடுப்பது இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் என்ற தசைக் கழிவின் அளவுதான்.