பட்டன் புஷ் செடியை நுவரெலியாவில் நடலாமா?

கனடாவில் இருக்கும் அண்ணன் அனுப்பவுள்ள பட்டன் புஷ் விதையை, தேயிலை மலைக்குக் கீழே நீர் தேங்கும் ஓடைக்கரையில் விதைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில்.

கிழக்கு வட அமெரிக்காவில் ஆற்றுவெள்ளம் பரவும் தாழ்நிலங்களிலும் சதுப்புகளிலும் இயல்பாக வளரும் இச்செடி, வேர் நீண்டநாள் நீரில் மூழ்கியிருந்தாலும் அழுகாமல் நின்று கரைமண்ணைப் பிடித்துக்கொள்ளும். தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் அதன் பூவை நாடி வரும்; விதையை வாத்துகள் உண்ணும். குண்டூசிகள் செருகிய பஞ்சுருண்டை போன்ற அந்த வெண்பூ நமக்குக் கடம்பை நினைவூட்டுவது தற்செயலன்று: கடம்பும், தாழ்நில ஆற்றங்கரைகளில் நிற்கும் வம்மியும், 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் அழியும்வரை நம் முன்னோர் இம்மலைகளில் பறித்த கோப்பியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஆனால் இதன் இலை மாட்டுக்கு நஞ்சு. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பசு வளர்ப்பவர்கள் ஓடைக்கரையில்தானே புல் அறுக்கிறார்கள்! மேலும், ஆங்கிலேயர் கொண்டுவந்த கோர்ஸ் என்னும் முட்செடி ஹோர்டன் சமவெளியில் பரவி, அங்குள்ள புல்வெளியை ஆக்கிரமித்திருப்பதைக் கண்டபின், இன்னொரு வெளிநாட்டுச் செடியை நீரோட்டத்தின் அருகில் நட எனக்கு மனம் ஒப்பவில்லை. கரை அரிப்பதுதான் உங்கள் கவலையென்றால், அங்கே தானாக முளைத்திருக்கும் கோரையையும் புதர்களையும் நீர்விளிம்புவரை வெட்டாமல் விட்டுவையுங்கள்.